டிப்ஸுக்கு ரசீது

என் வீட்டுக்காரர் அரசாங்க வேலையில் இருந்த காலம் முழுக்க யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையெல்லாம் ஊருக்கு, அந்தப் பெருமையோடு குடித்தனம் நடத்தியவள் நான். சான்றிதழ் கேட்டு ஜனங்கள் வரும் ஆபீஸ் அது. வேலை முடிந்த சந்தோஷத்தில் யாராவது ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினால்கூட இவர் முகம் திருடனைப் பிடித்தமாதிரி ஆகிவிடுமாம். கூட வேலை பார்த்தவர்கள் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

திருவண்ணாமலை வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த வாரமே, கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தார். யார் பையோடு வந்தாலும் பை அந்த ஆணியில் தொங்கும், ஆள் மட்டும் உள்ளே வரலாம். திரும்பிப் போகும்போது பையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். என் அண்ணன் பொங்கல் சீர் கொண்டுவந்தபோது கரும்பை ஆணியில் மாட்ட முடியாமல் சுவரில் சாய்த்துவிட்டு, "மாப்ள, இது சீரா லஞ்சமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று தெருவில் நின்றான். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

எனக்கும் ஒரு சட்டம் உண்டு. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், கழுவித் துடைத்து அப்படியே கொடுப்பது என்னால் ஆகாது. ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவேன். என் எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும்; தெருவெல்லாம் சுற்றிவிட்டு ஒழுங்காக வீடு வந்து சேரும். அவர் சட்டப்படி எதுவும் உள்ளே வரக் கூடாது, என் சட்டப்படி எதுவும் வெறுமையாக வெளியே போகக் கூடாது. இந்த இரண்டும் ஒரே வீட்டில் மோதாமல் இருந்ததற்குக் காரணம், என் கொடுக்கல் வாங்கல் முழுக்கப் பின்வாசல் வழியாக நடந்ததுதான்.

மோதல் கடலில்தான் வந்தது.

இவர் ரிட்டயர் ஆன பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன், சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடுவார்களாம். "கெளம்பின எடத்துக்கே திரும்பி வரதுக்கு எதுக்குடா டிக்கெட்டு?" என்றார் இவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் வந்து மலையைச் சுற்றிவிட்டுக் கிளம்பின இடத்துக்கே வந்து சேரும் ஊரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது?

டிக்கெட்டோடு மகன் போனில் ஒரு பாடமும் எடுத்தான்.

"அப்பா, கப்பல்ல ரூமுக்கே காபி, டிபன்லாம் வரும். கொண்டாந்து குடுக்கறவங்களுக்கு டிப்ஸ் வெக்கணும்."

"ஏன், அவங்களுக்குச் சம்பளம் இல்லியா?"

"இருக்குப்பா. இது அதுக்கு மேல."

"சம்பளத்துக்கு மேல குடுத்தா அதுக்குப் பேரு என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"ஐயோ, இது வேறப்பா. கைல திணிக்கக் கூடாது. பில்லு வெக்கிற அட்டை ஒண்ணு தருவாங்க. அதுக்கு அடியில வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடணும். அதான் மரியாதை."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பையன் பேசப் பேச இவர் முகம் போகிற போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபைலுக்கு அடியில் நோட்டை வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்றவர்களை ஆயுசு முழுக்க விரட்டிய மனுஷனிடம், அதற்குப் பெயர்தான் மரியாதை என்று பெற்ற பிள்ளையே சொல்லிக்கொடுக்கிறான். கடைசியில் இவர், "ரசீது குடுத்தா குடுக்கறேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

போய் இறங்குகிற இடத்தில் மானம் போகக் கூடாதே என்று நான்தான் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தேன். தேரடித் தெருவில் ஒரு டிபன் ஓட்டலுக்கு அழைத்துப்போனேன். சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு ஒரு சின்னத் தட்டில் சோம்பு வந்தது. "இப்ப அந்தத் தட்டுக்கு அடியில பத்து ரூபா வைங்க" என்றேன். நோட்டை எடுத்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், தட்டைத் தூக்கினார், வைத்தார். நெற்றியில் வேர்த்தது. அடுத்த நிமிஷம் நோட்டை வெளியே உருவி, சர்வரைக் கூப்பிட்டு, "இதுக்கு ரசீது கெடைக்குமா?" என்று சத்தமாகக் கேட்டார். சர்வர் பயந்துபோய்க் கல்லாவில் இருந்தவரைக் கூட்டிவந்தார்.

"என்ன சார், பில்லுல ஜாஸ்தியா போட்டுட்டாங்களா?"

"இல்ல. நான்தான் ஜாஸ்தியா குடுக்கப் பாக்கறேன்."

கல்லாக்காரர் என்னைப் பார்த்தார். நான் சோம்பை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

கப்பலுக்கு நான் எடுத்துப்போன முக்கியமான சாமான் ஒரு டப்பா முறுக்கு. கடல் காற்றுக்கு வாய் எதையாவது கேட்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ரூம் சின்னதுதான், ஆனால் சுத்தம். ஜன்னல் திரையை விலக்கினால் தண்ணீர், அதற்கு அப்புறமும் தண்ணீர். இவர் போன கையோடு, ஆபத்துக் காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டார்.

மறுநாள் காலையில் கதவு தட்டும் சத்தம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர், முப்பத்தைந்து வயது இருக்கும், பெரிய தட்டில் காபிக் குடுவை, பால், சர்க்கரை, கோப்பைகள் எல்லாம் அடுக்கிக்கொண்டு வந்து, என் கட்டில் ஓரத்து மேஜையில் வைத்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் காபி போட்டவள் நான். என் படுக்கைக்குக் காபி வந்தது அன்றைக்குத்தான். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது. அந்தக் காபி ஒன்றும் அப்படிப் பிரமாதமில்லை. ஆனாலும் கொண்டுவந்தவருக்கு என்ன வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

அட்டையை நீட்டினார். காபிக்குக் காசில்லை, வந்து சேர்ந்ததற்கு ஒரு கையெழுத்து மட்டும். இவர் கண்ணாடியை மாட்டி அந்தத் துண்டுக் காகிதத்தின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்துவிட்டு, தன் முழுக் கையெழுத்தைப் போட்டார். அது சாதாரணக் கையெழுத்தில்லை. இனிஷியலில் தொடங்கி, மூன்று இடத்தில் சுழித்து, அடியில் இரட்டைக் கோடு இழுத்து, தேதியோடு முடியும். பின்னால் ஒருத்தன் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க முடியாது. அதை எழுதி முடிப்பதற்குள் காபி பாதி ஆறிவிட்டது.

"எந்த ஊருப்பா?" என்று நான் கேட்டேன். முகத்தைப் பார்த்தாலே நம் பக்கம் என்று தெரிந்தது.

"திருவண்ணாமலை மேடம்."

"திருவண்ணாமலைல எங்க?"

"கீழ்பென்னாத்தூர்."

"நாங்க வேங்கிக்கால்" என்றேன். அவ்வளவுதான், மேடம் அம்மா ஆகிவிட்டாள். நான் சட்டென்று கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, மகன் சொன்ன முறைப்படி அட்டைக்கு அடியில் வைத்தேன். அவர் முறைப்படி ஒன்றும் தெரியாத மாதிரி இருந்திருக்க வேண்டும். மாறாக, நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"வேணாம்மா. ஊர்க்காரங்க கிட்ட எப்படி வாங்கறது?"

இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாத்தியா" என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. ஊரான் கேட்டால் கொடுக்க இவர் விடமாட்டார், ஊர்க்காரனுக்குக் கொடுத்தால் அவன் வாங்க மாட்டான். எனக்குக் காபி கொண்டுவந்தவர் வெறும் கையோடு போகிறார் என்றால் அந்த ரூமில் நான் எதற்கு இருக்கிறேன்?

காபி குடித்து முடித்ததும் காலித் தட்டை எடுக்க வந்தார். டப்பாவைத் திறந்து நாலு முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"அம்மா, கெஸ்ட் கிட்ட எதுவும் வாங்கக் கூடாதும்மா."

"உனக்கு யாரு குடுத்தா? தட்டுக்குக் குடுக்கறேன். வெறும் தட்டு திரும்பக் கூடாது."

"எங்க வீட்லயும் அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அங்கேதான் சிக்கல். அவர் வீட்டிலும் அப்படித்தான் என்றால், என் முறுக்குப் போன தட்டும் வெறுமையாகத் திரும்பி வராதல்லவா? சாயங்காலம் நான் கேட்டது டீ மட்டும். தட்டில் டீயோடு இரண்டு கேக் துண்டும் ஒரு வாழைப்பழமும் இருந்தன. நான் முறுக்கைக் கூட்டினேன். மறுநாள் காலைக் காபியோடு ஒரு தட்டுப் பழம் நறுக்கி வந்தது, மேலே கைத்துண்டை மடித்துச் செய்த ஒரு யானை. யானைக்கு எத்தனை முறுக்கு என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை, டப்பா பாதியானது.

இவருக்குத் தாங்கவில்லை. "இது ரெண்டு பக்கமும் நடக்குற லஞ்சம். நீ குடுக்கற, அவரு குடுக்கறாரு, யாரு யாருக்குக் குடுக்கறாங்கன்னே தெரியல."

"தெரியலன்னா அது லஞ்சமில்லீங்க. லஞ்சம்னா யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு தெரியும்."

"முறுக்க நிறுத்து."

"அப்ப நீங்க டிப்ஸ் குடுங்க."

"ரசீது வாங்கிக் குடு, குடுக்கறேன்."

நேராக வரவேற்பு மேஜைக்கே போய், அங்கிருந்த பணியாளர்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டும் வந்தார். சேவைக் கட்டணம் என்று ஒன்று ஏற்கெனவே மொத்தப் பில்லில் சேர்ந்திருக்கிறதாம். அதற்கு ரசீது உண்டாம். ரூமுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு மனசு ஆறவில்லை. ரசீதோடு போகிற காசு காபி கொண்டுவந்த கைக்கு நேராகப் போகுமா, எதில் கலந்து எங்கே போகுமோ, யாருக்குத் தெரியும்?

கடைசி நாள் காலை. காபி வந்தது. இவர் வழக்கம்போலப் படித்து, சுழித்து, இரட்டைக் கோடு இழுத்துக் கொடுத்தார். அவர் அட்டையை வாங்கிக்கொண்டு போகாமல் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. முந்தாநாள்லேர்ந்து யோசிச்சினு இருக்கேன். இந்தக் கையெழுத்து என் சர்டிபிகேட்ல இருக்குது."

இவர் வேலை பார்த்த ஆபீஸின் பெயரை அவரே சொன்னார். கப்பல் வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சான்றிதழுக்காக அங்கே அலைந்திருக்கிறார். ஒரு நாள் ஜெராக்ஸ் இல்லை, ஒரு நாள் ஜெராக்ஸில் முத்திரை இல்லை, ஒரு நாள் அப்பா பெயரில் ஒரு எழுத்து வித்தியாசம். எல்லாமே நியாயமான காரணம்தான். இவர் எழுதுவதில் கெட்டிக்காரர்; 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்று மனுவின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

"வெளிய க்யூல ஜனங்க சொல்வாங்க சார். 'அவரு வாங்கவும் மாட்டாரு, குடுக்கவும் மாட்டாரு'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். இவர் சிரிக்கவில்லை. "கடைசியில குடுத்தேனா இல்லியா?" என்று கேட்டார்.

"குடுத்தீங்க சார். அதாலதான் இங்க நிக்கறேன். அன்னிக்கு எங்கப்பா கூட வந்திருந்தாரு. புதுசா புடுங்கின மல்லாட்டை, நல்லா காய வெச்சு, ஒரு பை கொண்டாந்தாரு." எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்றுதான் சொல்வோம். "வேலை முடிஞ்ச பெறகுதான் சார் குடுத்தாரு. முன்னாடி இல்ல. நீங்க எழுந்து நின்னு, எல்லார் எதிர்லயும், 'எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டீங்க."

"அது விதி."

"ஆமா சார். தப்பு சொல்லல. எங்கப்பாதான் பஸ்ல வர வரைக்கும் அந்தப் பைய மடில வெச்சினு ஒண்ணும் பேசல. வீட்ல யாரையும் திங்க விடல. அடுத்த பட்டத்துக்கு வெதைச்சுட்டாரு. 'நம்ம கொல்லை மல்லாட்டை அந்த சாருக்கு ஆகலடா'ன்னு இன்னிக்கும் சொல்லினு இருக்காரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனசில் வைத்துச் சொல்லவில்லை, ஊர்க்கதை சொல்வதுபோலத்தான் சொன்னார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார். இத்தனை வருஷம் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிவிட்டுத் திரும்பிப் போன பைகள் எல்லாம் எந்தெந்த பஸ்ஸில், யார் யார் மடியில் போயிருக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மிச்சமிருந்த முறுக்கோடு டப்பாவைத் தூக்கி அப்படியே தட்டில் வைத்தேன்.

"டப்பாவத் திருப்பிக் குடுத்துடணும். என் பேரு வெட்டினது. வேங்கிக்கால்ல வீடு" என்று அடையாளம் சொன்னேன். அவர் டப்பாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் எதற்கு அதைக் கொடுக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. இவருக்குப் புரியவில்லை. "டப்பாவையும் ஏன் குடுத்த?" என்று சென்னையிலிருந்து வேங்கிக்கால் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

மாதங்கள் போயின. டப்பா வரவில்லை. எவர்சில்வர் அலமாரியில் அது இருந்த இடம் காலியாகவே இருந்தது. வேறு டப்பாவை அங்கே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

மல்லாட்டை பிடுங்கும் சமயத்தில், ஒரு காலை நேரம், கேட்டில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. இவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் கை தானாக ஆணியைக் காட்டியது.

"பைய அதுல மாட்டிட்டு உள்ள வாங்க."

பெரியவர் பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, காலிப் பையை மடித்து ஆணியில் மாட்டினார்.

"மாட்டிட்டேங்க. இது பையில்ல, உங்க வீட்டு டப்பா. கப்பல்ல வேல செய்யறானே, அவன் அப்பா நான். லீவுல வந்தப்ப குடுத்துட்டுப் போனான். திருப்பிக் குடுத்துடணும்னு அம்மா சொன்னாங்களாமே."

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். இவர் டப்பாவை வாங்கினார். கனத்தது போலிருக்கிறது, இரண்டு கையாலும் பிடித்தார். "சூடா இருக்கே" என்றார். மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பியது. உள்ளே தோலோடு அவித்த மல்லாட்டை, விளிம்பு வரைக்கும்.

"போன தடவ காஞ்சது கொண்டாந்தேன். எடுத்துட்டுப் போன்னீங்க. எடுத்துட்டுப் போயி வெதைச்சேன். அதுலயே வெத எடுத்து எடுத்துதான் இன்னும் போட்டுனு இருக்கேன், இதுவும் அதுல வந்ததுதான். இந்தத் தடவ அவிச்சே கொண்டாந்துட்டேன். அவிச்சத வெதைக்க முடியாது பாருங்க."

இவர் ஆணியைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.

"டப்பா நம்மளுது" என்றேன். "வந்தா வெறுமையா வராது. அது உங்களுக்கே தெரியும்."

இவர் கேட்டைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார். குரல் வழக்கம்போல இல்லை.

வராந்தாவில் பேப்பரை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பெரியவருக்குப் பல் குறைச்சல். ஆனாலும் உரித்து உரித்து இவர் பக்கம் வைத்தார், இவர் எடுத்துச் சாப்பிட்டார். மழை எப்படி, உரம் என்ன விலை என்று என்னவோ பேசினார்கள். அந்தச் சான்றிதழைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. தோல் குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. நானும் ஒரு கை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். உப்பு சரியாக இருந்தது.

பெரியவர் கிளம்ப எழுந்தபோது இவர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பை காலியா தொங்குது பாரு. ஏதாவது போடு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டில் முறுக்கு இருந்தது. ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தேன். இவரே போய் ஆணியில் தொங்கிய பைக்குள் வைத்தார்.

பெரியவர் உடனே பையை எடுக்கவில்லை. "ஒரு ரசீது குடுத்தீங்கன்னா தேவலை" என்றார்.

"எதுக்கு ரசீது?"

"மல்லாட்டைய நீங்க வாங்கிக்கினீங்கன்னு சொன்னா பையன் நம்ப மாட்டான். நீங்க எல்லாத்துக்கும் ரசீது கேப்பீங்கன்னு அவன்தான் சொன்னான்."

முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. கேலியா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. இவர் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து, வராந்தாச் சுவரில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். நான் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். 'அவித்த மல்லாட்டை ஒரு டப்பா' என்பது வரைக்கும் பேனா ஓடியது. அப்புறம் நின்றது. ஆயிரம் தாளில் 'திருப்பி அனுப்பப்படுகிறது' என்று எழுதிய கை அது. கொஞ்ச நேரம் கழித்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று மெதுவாக எழுதி, சுழித்து, இரட்டைக் கோடு இழுத்து, தேதி போட்டார்.

பெரியவர் தாளைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். "அதே கையெழுத்துதான்" என்று சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இவர் இன்னும் பேனாவை மூடவில்லை. பழக்க தோஷம். "முறுக்கு வாங்கிக்கிட்டதுக்கு நீங்களும் ஒரு கையெழுத்து போட்டுடுங்களேன்" என்றார்.

"எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று பெரியவர் பையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார். "நீங்க குடுத்தீங்க, நான் வாங்கிக்கினேன்."